இசை யாருக்காக? சமகால மேலைத்தேய இசையாக்குநர் சிலரின் தற்கூற்றுகள் பற்றிய ஒரு நோக்கு

மேலைத்தேயச் செவ்வியல் இசையின் அண்மைக்கால வரலாற்றைக் கற்கப் புகும் ஒருவரை முதலில் திகைக்கவைப்பது, அவ்விசையை ஆக்கியோர் இசைக்குறிகளுக்கு நிகராகச் சொற்களையும் எழுதிக் குவித்துள்ளமையாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹெய்டன் எஸ்ரர்ஹாசிப் பிரபு குடும்பத்தின் ஊழியராகப் பல தசாப்தங்கள் பணியாற்றினார். தமது சிம்பனிகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்று கட்டுரை வரையவேண்டிய நிலை அவருக்கு ஏற்படவில்லை. யாருக்காக ஆக்குகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆக்குவோரும் கேட்போரும் பகிர்ந்துகொண்ட இசைமொழி ஒன்றும் இருந்தது. பிரபுக்களின் ஆதரவு அருகியதும், இசையாக்குநர் சந்தையை எதிர்நோக்க நேர்ந்ததும், இறுதியில் அந்தப் பொது இசைமொழியே உடைந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாக்னர் போன்றோர் நீண்ட நூல்களை எழுதித் தம்மை விளக்க முற்பட்டமை இம்மாற்றத்தின் முன்னறிகுறி எனலாம்.

இவ்விடத்திற் கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு அவசியமாகின்றது. நமது மரபின் வாக்கேயகாரர் சொல்லையும் இசையையும் ஒருங்கே இயற்றுபவர். திரைப்படத்தின் இசையமைப்பாளர் முற்றிலும் வேறொரு தொழிலுக்குரியவர். இக்கட்டுரையில் ‘இசையாக்குநர்’ எனப்படுவோர் ஓசைகளைக் குறியீடுகளாகத் தாளில் எழுதி, பிறர் இசைப்பதற்கெனக் கொடுப்போர். எழுதுபவர், இசைப்பவர், கேட்பவர் என்னும் இத்தொழிற்பிரிவினையை மனங்கொள்ளாவிடின், பின்னர் கூறப்படும் வாதப்பிரதிவாதங்கள் பொருளற்ற சச்சரவுகளாகவே தோன்றும்.

1908 ஆம் ஆண்டளவில் ஆர்னல்ட் ஷோன்பேர்க், ஒரு மையச் சுரத்தைச் சார்ந்து ஏனைய சுரங்கள் இயங்கும் ஒழுங்கினைக் கைவிட்டார். 1918 இல் வியன்னாவில் அவர் நிறுவிய தனிப்பட்ட இசைநிகழ்வுச் சங்கத்தில் பத்திரிகை விமர்சகருக்கு இடமில்லை, கைதட்டுவதும் தடைசெய்யப்பட்டிருந்தது. 1920களின் தொடக்கத்தில், பன்னிரண்டு சுரங்களையும் ஒரு குறித்த வரிசையில் நிறுத்தி, அவ்வரிசையினின்றே முழு ஆக்கத்தையும் கட்டியெழுப்பும் முறையினை அவர் வகுத்தார். இரண்டாம் உலகப் போரின் பின் இளந்தலைமுறையினர் இதனை மேலும் விரித்தனர். சுரத்தை மட்டுமன்றி, அதன் கால அளவு, வலிமை, ஓசைப்பண்பு ஆகியவற்றையும் வரிசைமுறைக்கு உட்படுத்தினர். மேற்கு ஜேர்மனியின் டாம்ஸ்ரட் நகரில் 1946 இல் தொடங்கப்பெற்ற கோடைகாலப் பயிற்சிநெறிகள் இவர்களின் சந்திப்புக் களமாயின. அங்கு ஆக்கங்கள் இசைக்கப்பட்டதோடு அவை பற்றிய விரிவுரைகளும் நிகழ்த்தப்பட்டன. பொது மொழி ஒன்று இல்லாதவிடத்து, ஒவ்வொரு படைப்பும் தனக்குரிய இலக்கணத்தைத் தானே கூறவேண்டியதாயிற்று. இசையாக்குநரின் தற்கூற்று என்னும் எழுத்துவகை பெருகியமைக்குக் காரணம் இதுவே.

இவ்வெழுத்துக்களுள் மிகுந்த அவப்பெயர் ஈட்டியது, அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மில்ரன் பபிற் 1958 பெப்ரவரியில் ஒரு சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையாகும். ‘நீங்கள் கேட்டால் என்ன, கேளாவிட்டால் என்ன’ என்ற பொருள்படும் தலைப்பில் அது வெளிவந்தது. அத்தலைப்பு அவரிட்டதன்று, இசையாக்குநரை ஒரு துறைநிபுணராகக் காட்டும் அடக்கமான தலைப்பையே அவர் கொடுத்திருந்தார். சஞ்சிகை ஆசிரியர் அதனை மாற்றிவிட்டார். 2011 இல் தாம் இறக்கும்வரை, எழுதாத அத்தலைப்பிற்காகப் பபிற் கண்டனங்களைச் சுமக்க நேர்ந்தது. எனினும் கட்டுரையின் வாதம் தலைப்பிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. உயர் கணிதத்தையோ பௌதிகத்தையோ பாமரர் விளங்கிக்கொள்ள வேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. உயர்நிலை இசையிடம் மட்டும் அதனை எதிர்பார்ப்பது ஏன்? ஆதலின் இசையாக்குநர் பொதுமன்றிலிருந்து ஒதுங்கிப் பல்கலைக்கழகத்திற் புகலிடம் தேடவேண்டும் என்பது அவர்தம் முடிபு.

இவ்வாதத்தை ஆணவம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அதன் பௌதிக அடிப்படையை நோக்குவதே பயனுடையது. 1957 ஒக்ரோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செய்மதியை ஏவியிருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத்துறைகளை நோக்கிப் பெருநிதி திரும்பத் தொடங்கிய காலம் அது. 1959 இல் றொக்பெல்லர் மன்றத்தின் நன்கொடையுடன் கொலம்பியா, பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகங்களின் கூட்டு மின்னணு இசை நிலையம் நிறுவப்பட்டது. பபிற் அதன் முதன்மையாளருள் ஒருவர். எனவே ‘யாரும் கேட்கவேண்டியதில்லை’ என்னும் சுதந்திரம் எவரோ ஒருவர் செலவை ஏற்றதனாற் கிட்டிய சுதந்திரமாகும். புரவலர் மறைந்துவிடவில்லை. பிரபுவின் மாளிகையிலிருந்து மன்றங்களின் அலுவலகத்திற்கு இடம்பெயர்ந்துள்ளார், அவ்வளவே. கணிதத்துடனான ஒப்புமையிலும் ஒரு குறையுண்டு. கணிதத்தில் நிறுவல் உண்டு. பிழையாயின் இன்னொரு கணிதர் காட்டிவிடுவார். ஓர் இசையாக்கம் ‘பிழை’ என்பதை எவர், எதனைக்கொண்டு நிறுவுவது? பபிற்றின் கட்டுரையில் இதற்கு நிறைவான விடை இல்லை.

இதற்கு நேரெதிரான முனையில் நிற்பவர் இத்தாலியரான லூய்ஜி நோனோ. வெனிஸ் நகரில் 1924 இற் பிறந்து 1990 இல் அங்கேயே மறைந்த அவர், 1952 இல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தவர். ஷோன்பேர்க்கின் மகளை மணந்தவர். கருத்துநிலையில் இடதுசாரியாகவும் இசைமுறையில் வரிசைமுறையாளராகவும் அவர் ஒருசேர விளங்கியமையே அவரை நமது கவனத்திற்கு உரியவராக்குகின்றது. பாசிசத்தை எதிர்த்துப் போராடி மரண தண்டனை பெற்றோர் தம் உறவினர்க்கு எழுதிய இறுதிக் கடிதங்கள் 1954 இல் இத்தாலியில் தொகுப்பாக வெளிவந்தன. அவற்றிலிருந்து பகுதிகளைத் தெரிந்தெடுத்து, தனிக்குரல்களுக்கும் பாடற்குழுவுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக ‘இல் காந்தோ சொஸ்பேசோ’ என்னும் ஆக்கத்தை நோனோ 1955-56 இல் எழுதினார். அது 1956 ஒக்ரோபரில் கொலோன் நகரில் அரங்கேறியது. போர் முடிந்து பதினோராண்டே கழிந்த நிலையில், ஜேர்மன் மண்ணில், ஜேர்மனியர் முன்னிலையில் அக்கடிதங்கள் பாடப்பட்டமையின் தாக்கம் சொல்லாமலே விளங்கும்.

ஆயின் அக்கடிதங்கள் கேட்போர் செவிக்கு எட்டினவா? ஸ்ரொக்ஹவுசன் எழுப்பிய வினா இதுவே. பாடற்குழுப் பகுதிகள் சிலவற்றில் ஒரு சொல்லின் அசைகள் வெவ்வேறு குரல்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. ஒரு குரல் ஓரசையைப் பாட, அடுத்த அசை இன்னொரு குரலில் எழுகின்றது. சொல் எங்கும் முழுமையாக ஒலிப்பதில்லை. பொருளை மறைப்பதே நோக்கமாயின் இத்துணை பாரதூரமான வாசகங்களைத் தெரிந்தெடுத்தது எதற்காக என ஸ்ரொக்ஹவுசன் கேட்டார். 1960 இல் டாம்ஸ்ரட்டில் நிகழ்த்திய விரிவுரையில் நோனோ விடையிறுத்தார். அசைகளைப் பிரித்தது பொருளை மறைப்பதற்கன்று; சொல்லின் பொருள் இசையின் வெளிப்பாடாகவே மாறுவதற்காக என்றார். பழைய பல்குரல் இசை மரபிலும் சொற்கள் இவ்வாறு ஒன்றன்மேலொன்றாய் விரவி ஒலித்தமையையும் சான்றாகக் காட்டினார்.

இருவருள் யார் கூற்று ஏற்புடைத்து? நோனோவின் அரசியலுடன் உடன்படுவோர் அவர் பக்கம் சாய்வதும், வடிவத்தை மட்டும் போற்றுவோர் மறுபக்கம் நிற்பதும் வழக்கமாகியுள்ளது. அவ்வாக்கத்தைக் கேட்டவன் என்ற வகையில் எனக்குத் தோன்றுவது வேறு. கடித வாசகங்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கு நோனோவின் விளக்கம் முற்றிலும் பொருந்துகின்றது. சிதறிய அசைகள் ஒரு கூட்டத்தின் மூச்சாகவே ஒலிக்கின்றன. வாசகமின்றிக் கேட்பவருக்கோ ஸ்ரொக்ஹவுசனின் வினா அப்படியே நிற்கின்றது. அதாவது, நோனோவின் ஆக்கம் நிறைவெய்த ஓர் அச்சிட்ட தாள் தேவைப்படுகின்றது. இதனைக் குறையென்று கூறுவதிலும், அக்காலச் செவ்வியல் இசையின் பொது நிலைமையென்று கூறுவதே பொருந்தும்.

நோனோவும் இதனை உணர்ந்திருக்க வேண்டும். 1964 இல் ஜெனோவா நகரின் கோர்னிலியானோ உருக்காலைக்குச் சென்று, உலைகளின் இரைச்சலையும் தொழிலாளர் குரலையும் ஒலிப்பதிவு செய்து, அவற்றை மிலான் வானொலியின் ஒலிக்கூடத்திற் பிற ஓசைகளுடன் சேர்த்துப் பதப்படுத்தி, ஒரு பெண்குரலும் ஒலிநாடாவும் இணைந்த ‘லா பப்பிரிக்கா இல்லுமினாத்தா’ என்னும் ஆக்கத்தை உருவாக்கினார். அதனைக் கோரிப்பெற்ற இத்தாலிய வானொலியே அதன் வாசகத்தைக் கண்டு ஒலிபரப்ப மறுத்தது. அவ்வாண்டே வெனிசில் அது அரங்கேறியது. பின்னர் நோனோ அதனைத் தொழிலாளர் மன்றங்களுக்கு எடுத்துச்சென்று ஒலிக்கச்செய்து கலந்துரையாடினார். நாள்தோறும் தாம் அமிழ்ந்திருக்கும் இரைச்சல் எத்தகையது என்பதை இதனைக் கேட்டபின்பே உணர்ந்ததாகத் தொழிலாளர் கூறினர் என அவர் எழுதியுள்ளார். அது நோனோவின் வாய்மூலமே நமக்குக் கிடைக்கும் செய்தி என்பதையும் மறந்துவிடலாகாது. எனினும் பபிற் ஒதுக்கிய கேட்போர் இங்கே மீண்டும் வாதத்தினுள் நுழைகின்றனர். அதுவும் விமர்சகராக நுழைகின்றனர்.

தற்கூற்றுகளை ஆராய்வோர்க்கு மிகக் கடினமான வழக்கு ஆங்கிலேயரான கோர்னேலியஸ் கார்டியூவினுடையது. ஒரே மனிதர் தம் படைப்புகளுக்குத் தாமே வழக்குரைஞராகவும் பின்னர் தாமே வழக்குத்தொடுநராகவும் நின்ற நிகழ்ச்சி இசை வரலாற்றில் அரிது. 1936 இற் பிறந்த அவர், புகழ்பெற்ற மட்பாண்டக் கலைஞர் ஒருவரின் மகன். இலண்டன் றோயல் இசைக் கழகத்திற் பயின்றபின் கொலோன் சென்று, 1958 முதல் 1960 வரை ஸ்ரொக்ஹவுசனின் உதவியாளராகப் பணியாற்றினார். நான்கு வாத்தியக் குழுக்களுக்கான ‘கரே’ என்னும் ஆக்கத்தின் பெரும்பகுதி வேலையில் அவருடைய உழைப்பு கலந்துள்ளது. நாடு திரும்பியபின் 1963 முதல் 1967 வரை ‘றீற்றிஸ்’ என்னும் படைப்பினை வரைந்தார். வரைந்தார் என்பதே சரியான சொல். 193 பக்கங்கள்; கோடுகள், வட்டங்கள், வளைவுகள், இடையிடையே வழக்கமான இசைக்குறிகளின் சிதைவுகள். இவற்றை எவ்வாறு இசைப்பது என்ற அறிவுறுத்தல் ஒன்றேனும் இல்லை. இசைப்போரே தமக்குள் கலந்து முடிவுசெய்ய வேண்டும். எழுதுவோரின் ஆணையிலிருந்து இசைப்போரை விடுவிப்பதே இதன் நோக்கம் எனக் கார்டியூவும் அவரைச் சார்ந்தோரும் கருதினர்.

1969 இல் மைக்கல் பார்சன்ஸ், ஹவார்ட் ஸ்கெம்ப்ரன் ஆகியோருடன் சேர்ந்து ‘ஸ்கிராச் ஓர்கெஸ்றா’ என்னும் குழுவை அவர் தொடங்கினார். இசைப் பயிற்சி பெற்றோரும் பெறாதோரும் ஓவிய மாணவரும் அதில் இடம்பெற்றனர். குழுவின் யாப்பு அச்சிற் பிரசுரிக்கப்பட்டது. நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் பொறுப்பு வயதில் இளையோரிடமிருந்து தொடங்கி மூத்தோரை நோக்கிச் சுழன்றது. இக்காலத்தில் அவர் எழுதிய ‘தி கிறேற் லேர்னிங்’, கன்பூசியஸ் மரபின் நூலொன்றை எஸ்ரா பவுண்டின் மொழிபெயர்ப்பிற் பயன்படுத்தி ஏழு பத்திகளாக அமைந்தது. அதன் ஏழாம் பத்தியின் இயக்கத்தைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். அதனைப் பாட இசைப்பயிற்சி வேண்டியதில்லை. எத்தனை பேரும் பாடலாம். வாசகத்தின் ஒவ்வோர் அடியும் குறித்த தடவைகள் பாடப்பட வேண்டும். ஒரு சுரத்தை ஒரு மூச்சின் நீளத்திற்கு நீட்டிப் பாடுதல் வேண்டும். தொடக்கச் சுரத்தை ஒவ்வொருவரும் தாமே தெரிவுசெய்வர். அடுத்த அடிக்குச் செல்லும்போது, அருகில் எவரேனும் பாடிக்கொண்டிருக்கும் ஒரு சுரத்தைச் செவியால் தேடி எடுத்துக்கொள்ளவேண்டும். புதிதாக எதுவும் கேளாவிடின் மட்டுமே விரும்பிய சுரத்தைக் கொள்ளலாம். விதி இவ்வளவே. விளைவோ வியப்புக்குரியது. தொடக்கத்தில் ஓசைக்காடாக இருப்பது, ஒருவர் சுரத்தை மற்றவர் ஏற்க ஏற்க, சிறிது சிறிதாகச் சில சுரங்களில் திரண்டு தெளிகின்றது. எவரும் நெறிப்படுத்தாமல், ஒருவரையொருவர் கேட்பதனாலேயே ஓர் ஒழுங்கு பிறக்கின்றது.

1971 இல் குழுவினுள் அதிருப்தி வெளிப்பட்டது. தாம் மக்களுக்கு எவ்வகையிற் பயன்பட்டோம் என்னும் வினா எழுந்தது. மார்க்சிய நூல்களைக் கற்கும் பிரிவொன்று உருவாயிற்று. மா ஓவின் கலை இலக்கியக் கருத்துக்கள் பயிலப்பட்டன. அடுத்த ஆண்டு பிபிசி வானொலியில், ஸ்ரொக்ஹவுசனின் ‘றிபிறெயின்’ என்ற ஆக்கத்திற்கு முன்னுரையாகப் பேச அழைக்கப்பட்ட கார்டியூ, தம் பழைய ஆசானை ஏகாதிபத்தியத்தின் ஊழியர் என்று சாடினார். 1974 இல் இதே தலைப்பில் நூலும் வெளிவந்தது. அந்நூலின் பெறுமதி ஸ்ரொக்ஹவுசன், ஜோன் கேஜ் ஆகியோர் மீதான தாக்குதலில் இல்லை. அப்பகுதிகள் பல இடங்களிற் சுலோகத் தரத்திலேயே நின்றுவிடுகின்றன. ‘றீற்றிஸ்’, ‘தி கிறேற் லேர்னிங்’ ஆகிய தம் சொந்தப் படைப்புகளையே குற்றக் கூண்டில் நிறுத்தும் பகுதியே அதன் சாரம். அறிவுறுத்தலற்ற குறியீடு விடுதலை அன்று, எதைச் செய்தாலும் தகும் என்னும் தனிமனிதவாதமே. கன்பூசியஸின் வாசகம் ஆளும் வர்க்கத்தின் கருத்துநிலை. இவை அறிந்தோ அறியாமலோ தாம் செய்த தவறுகள் என்பது அவர் வாதம்.

அதன்பின் அவர் சுரமையப் பழைய இசைமொழிக்குத் திரும்பினார். ஐரிஷ், சீனப் புரட்சிப் பாடல்களைப் பியானோவுக்கு இசைவித்தார். புகென்வால்ட் முகாமிற் கொல்லப்பட்ட ஜேர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் தேல்மன் நினைவாக 1974 இல் மாறுபாடுகள் தொகுதியொன்றை எழுதினார். 1981 டிசெம்பர் 13 இல், கிழக்கு இலண்டன் வீதியொன்றில் மோதிவிட்டு நிற்காது சென்ற வாகனமொன்றினால் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 45.

முற்போக்கு விமர்சகர் பலர் கார்டியூவின் சுயவிமர்சனத்தைத் தீர்ப்பாகவே ஏற்றுக்கொண்டுள்ளனர். மறுசாரார் அதனை ஒரு நல்ல கலைஞனின் வீழ்ச்சியாகக் காண்கின்றனர். இரண்டிலும் ஒரு பொதுத் தவறு உண்டு. படைப்பாளியின் பிரகடனத்தைப் படைப்பின் அளவுகோலாகக் கொள்ளும் தவறே அது. அவர் வகுத்த அளவுகோலையே எடுத்துக்கொள்வோம்: இசை மக்களுடையதாக வேண்டும். ‘தேல்மன் மாறுபாடுகள்’ எத்துணை உயர்ந்த நோக்கத்துடன் எழுதப்பட்டிருப்பினும், அதன் மொழி பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரவேற்பறைப் பியானோவின் மொழி. அதனை இசைக்கப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். கேட்போர் வாளாவிருந்து கேட்க வேண்டும். எழுதுபவர், இசைப்பவர், கேட்பவர் என்னும் பழைய பிரிவினை அங்கே மீண்டும் உயிர்பெறுகின்றது. அவர் நிராகரித்த ஏழாம் பத்தியிலோ அப்பிரிவினை இல்லை. கருத்துநிலை முன்னேறியபோது உற்பத்தி உறவு பின்னடைந்தது என்று கூறின் அது மிகையாகாது. ஆயினும் இதனாற் சுயவிமர்சனம் வெறுமையாகிவிடாது. குழுவிலிருந்தோரின் அதிருப்தி மெய்யானது. விதிகள் எத்துணை சமத்துவமானவையாயினும், அவற்றை இயற்றியவர் கார்டியூ ஒருவரே என்பதும் மெய்யே.

இச்சிக்கலை வேறுவழியில் அணுகியோரும் உளர். அமெரிக்கரான பிரெடரிக் ஷெவ்ஸ்கி 1975 இல், சிலி நாட்டின் மக்கள் ஒற்றுமை இயக்கப் பாடலொன்றை எடுத்து 36 பியானோ மாறுபாடுகளை எழுதினார். சேர்ஜியோ ஒர்த்தேகாவின் அப்பாடல், 1973 செப்ரெம்பர் 11 இராணுவச் சதியின் பின் உலகெங்கும் எதிர்ப்பின் குரலாகியிருந்தது. வரிசைமுறை உத்திகளும் ஜாஸ் சாயலும் பழைய பியானோ மரபும் அதில் ஒன்றையொன்று விலக்காது நிற்கின்றன. எளிய மெட்டு எல்லாவற்றையும் தாங்கிச் செல்கின்றது. எளிமையா புதுமையா என்ற தெரிவே அவசியமற்றது என்பதை அவ்வாக்கம் வாதிடாமலே காட்டுகின்றது. மற்றொருவர் போலின் ஒலிவெரோஸ். ‘பெண் இசையாக்குநர்’ என்ற அடைமொழியை மறுத்து 1970 இல் நியூயோர்க் நாளிதழொன்றில் அவர் எழுதிய கட்டுரை, இதுவரை குறிப்பிட்டோர் எவரும் எழுப்பாத வினாவை எழுப்பியது. ‘இசை யாருக்காக’ என்று கேட்ட ஆடவர், ‘இசையை ஆக்க அனுமதிக்கப்பட்டோர் யார்’ என்று தம்மைத் தாமே கேட்கவில்லை. அவர் எழுதிய ‘ஓசைத் தியானங்கள்’ பயிற்சியற்றோரும் கூடிச் செய்யத்தக்க சொல்லறிவுறுத்தல்களாக அமைந்தன. கார்டியூ கைவிட்டுச் சென்ற பாதைக்கு அவை அண்மையில் உள்ளன.

தற்கூற்றைச் சான்றாகக் கொள்வதில் இன்னுமொரு இடரும் உண்டு: கூற்று அவருடையதுதானா என்பது. ஷொஸ்ரகோவிச்சின் ஐந்தாம் சிம்பனி 1937 இல் அரங்கேறியபின், நியாயமான விமர்சனத்திற்கு ஒரு சோவியத் கலைஞனின் விடை என்னும் வாசகம் அதனுடன் ஒட்டிக்கொண்டது. அது பத்திரிகையாளர் ஒருவரின் சொற்றொடர். 1979 இல் சொலமன் வொல்கொவ் வெளியிட்ட ‘நினைவுகள்’ நூல் முற்றிலும் எதிரான ஷொஸ்ரகோவிச்சைக் காட்டியது. மேற்குலகம் அதனை ஆவலுடன் ஏற்றது. மறு ஆண்டே லோறல் பே என்னும் ஆய்வாளர், அந்நூலின் சில பகுதிகள் சோவியத் ஏடுகளில் முன்னரே வெளியானவற்றுடன் சொல்லுக்குச் சொல் ஒத்திருத்தலை எடுத்துக்காட்டினார். விவாதம் இன்றும் ஓயவில்லை. இரு தரப்பினரும் அவர் வாயிற் சொற்களை வைக்க முனைந்தனர் என்பது மட்டும் தெளிவு.

நோனோ 1980 இல் வெளியிட்ட நால்தந்திக் குழு ஆக்கம் இப்பின்னணியில் வைத்து நோக்கற்பாலது. அதில் ஹோல்டர்லின் கவிதைகளிலிருந்து எடுத்த துணுக்குகள் இசைத்தாளில் எழுதப்பட்டுள்ளன. அவை உரக்க வாசிக்கப்படலாகாது. இசைப்போர் நால்வரும் தம்முள் மௌனமாகப் பாடிக்கொள்ளவேண்டும் என்பது ஆக்கியோன் குறிப்பு. மரண தண்டனைக் கைதிகளின் சொற்களைப் பாடற்குழுவிடம் கொடுத்தவர், இப்போது சொற்களைச் செவியிலிருந்தே அகற்றிவிட்டார். அரசியலைக் கைவிட்டுவிட்டார் என அன்று இடதுசாரிகள் சிலர் ஐயுற்றனர். அவரோ அதன்பின் ‘கேட்டல்’ என்பதையே தம் பேச்சுக்களின் மையமாக்கினார். 1984 இல் வெனிசின் சான் லொறென்சோ ஆலயத்தில் அரங்கேறிய ‘புறொமெத்தேயோ’வுக்கு ‘கேட்டலின் துன்பியல்’ என்று துணைத்தலைப்பும் இட்டார்.

‘தி கிறேற் லேர்னிங்’ ஏழாம் பத்தியை ஸ்கிராச் ஓர்கெஸ்றா 1971 இல் ஒலிப்பதிவு செய்திருந்தது. அதனை இசைத்தட்டாக வெளியிட்டது, ஸ்ரொக்ஹவுசனின் ஆக்கங்களை வெளியிட்டுவந்த அதே ஜேர்மன் நிறுவனமே. சுயவிமர்சனத்தை வாசித்தபின் அதனைக் கேட்பவர், தொடக்கத்துக் குழப்பம் எந்த இடத்தில் தெளியத் தொடங்குகின்றது என்பதைக் கண்டுபிடிக்க முயன்று பார்க்கலாம். நான் பலமுறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்தையே குறித்துவைக்க நேர்ந்தது.